ஷுன்சுகே நகமுரா வெறும் ஃப்ரீ கிக் ஆட்டக்காரரா?

ஷுன்சுகே நகமுராவின் பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். இந்த ஜப்பானியர் உண்மையிலேயே பெரிய நடுக்கள ஆட்டக்காரரா, இல்லை ஃப்ரீ கிக் ஒன்றை வைத்தே பேர் வாங்கியவரா? பெரியவர்தான் என்றால், அவர் காலத்தில் மூன்று உலகக் கோப்பைகள் வந்துபோயும் அங்கே ஏன் அவர் பேர் நிற்கவில்லை? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நகமுரா மெதுவானவர். அந்த மெதுவைச் சுமக்கத் தயாராக இருந்த அணிகளில் அவர் ராஜா. ஓட்டத்தைக் கேட்ட அணிகளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 26 சீசன் ஆடியவரின் வாழ்க்கையை இதைப் பிடித்துக்கொண்டே படித்துவிடலாம்.

முதலில் எல்லாரும் பார்க்கும் அந்த வீடியோ. 2006 நவம்பர் 21, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், நகமுரா அப்போது ஆடிய செல்டிக் கிளப்பின் மைதானமான செல்டிக் பார்க். சாம்பியன்ஸ் லீக் ஆட்டம், எதிரே மான்செஸ்டர் யுனைடெட். 80 நிமிடம் ஓடியும் கோல் இல்லை. 81-வது நிமிடத்தில் செல்டிக்குக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைக்கிறது. கோலிலிருந்து ஏறக்குறைய 30 கஜ தூரம். அவ்வளவு தூரத்திலிருந்து பலரும் நேரே அடிக்க மாட்டார்கள், உள்ளே தூக்கிப் போடுவார்கள். நகமுரா அடித்தார். பந்து சுவராக நின்றவர்களின் தலைக்கு மேலே ஏறி, மேல் மூலையில் போய் விழுந்தது. கோலில் நின்றவர் எட்வின் வான் டெர் சார், 197 செ.மீ. உயரம், நீண்ட கை. எட்டவில்லை. கடைசி நேரத்தில் யுனைடெட்டின் லூயி சஹா அடித்த பெனால்டியை ஆர்ட்டுர் போருட்ஸ் தடுக்க, 1-0. செல்டிக் முதன்முறையாக சாம்பியன்ஸ் லீக்கின் கடைசி 16 அணிகளில் ஒன்றானது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அதற்குப் பத்து வாரம் முன்னால்தான், செப்டம்பர் 13 அன்று, ஓல்ட் டிராஃபோர்டில் இதே வான் டெர் சாருக்கு எதிராக நகமுரா ஒரு ஃப்ரீ கிக் கோல் போட்டிருந்தார். அந்த ஆட்டத்தில் செல்டிக் 3-2 என்று தோற்றது, அதனால் அந்த கோலை அதிகம் பேர் பேசுவதில்லை. ஆனால் கோல்கீப்பருக்கு மறந்திருக்குமா? யார் அடிக்கப் போகிறார், எந்தக் கால், பந்து எந்தப் பக்கம் வளையும் என்று எல்லாம் தெரிந்துதான் இரண்டாவது முறை நின்றார்.

அந்த உதையைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பந்துக்குப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஓடி வருவார், நாலைந்து எட்டுதான். வலது காலை ஊன்றும்போது உடம்பு முழுக்க வலப்பக்கம் சாய்ந்துவிடும். அந்தக் கணுக்கால் புல்லைத் தொடுகிற அளவுக்கு மடங்கும், பார்க்கிற நமக்கு வலிக்கும். இடது கால் பந்தின் அடியில் நுழைந்து சுற்றி வரும். நேராக இடிக்கிற அடி இல்லை, வழித்து எடுக்கிற அடி. அதனால் பந்துக்குக் கிடைப்பது வேகத்தை விடச் சுழற்சி. சுவரைத் தாண்டும் வரை ஏறிக்கொண்டே போகும், பிறகு இடமிருந்து வலமாக வளைந்து சரசரவென்று இறங்கும். இதெல்லாம் தினமும் பயிற்சி முடிந்த பிறகும் மைதானத்தில் நின்று, பொம்மைச் சுவரை வைத்து அடித்து அடித்து வந்தது. ஜப்பானின் முதல் டிவிஷனான ஜே1-இல் நேரடி ஃப்ரீ கிக்கில் 24 கோல் போட்டிருக்கிறார். அங்கே அதுதான் உச்சம்.

சரி, இது ஓர் உதை. ஆட்டம் எங்கே என்று கேட்கிறீர்கள். ஃப்ரீ கிக் அடிக்கும்போது பந்து நின்றுகொண்டிருக்கும், எதிராளி பத்து கஜம் தள்ளி நிற்பான், அடிப்பவருக்கு யோசிக்க நேரம் இருக்கும். நகமுராவின் கெட்டிக்காரத்தனம், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்திலும் இதே நேரத்தை அவர் உண்டாக்கிக்கொண்டதுதான். பந்து வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிடுவார். பந்து காலில் பட்டதும் எதிராளி எதிர்பார்க்காத பக்கம் ஓரடி நகர்த்துவார், அவ்வளவுதான். அந்த ஓரடியில் பாஸ் போட வழி திறந்துவிடும். கேரம் ஆடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். வேகமாகச் சுண்டுகிறவர் ஒரு காயைப் போடுவார். நிதானமாகச் சுண்டுகிறவர் ஒரு காயைப் போட்டுவிட்டு, ஸ்ட்ரைக்கர் போய் நிற்கும் இடத்தால் எதிராளியின் காயையும் அடைத்துவிடுவார். நகமுரா இரண்டாவது ரகம்.

இது பிறவியில் வந்ததா என்றால், பாதிதான். மீதியை ஒரு நிராகரிப்பு சொல்லிக்கொடுத்தது. 1978 ஜூன் 24 அன்று யோகொஹாமாவில் பிறந்தவர். ஊர்க் கிளப்பான மாரினோஸின் சிறுவர் அணியில் சேர்ந்தார், அப்போது அது நிஸான் கிளப். 15 வயதில் அடுத்த படியான இளைஞர் அணிக்கு எடுப்பார்கள். நகமுராவை எடுக்கவில்லை. ஆள் குட்டை, உடம்பில் வலு இல்லை, ஓட்டமும் போதாது. 1993-ல் ஜே லீக் தொடங்கி நாடே கால்பந்துப் பித்தில் இருந்த சமயம் அது. கதவு வரைக்கும் போய்த் திரும்பி வருவது ஒரு பையனுக்கு எப்படி இருந்திருக்கும்!

பக்கத்து கவாசாகி நகரிலுள்ள தோகோ ககுவென் உயர்நிலைப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். ஜப்பானில் பள்ளிக் கால்பந்து என்பது சும்மா இல்லை. குளிர்கால விடுமுறையில் நடக்கும் அகில ஜப்பான் உயர்நிலைப் பள்ளிப் போட்டியை டிவியில் காட்டுவார்கள், இறுதியாட்டம் தேசிய மைதானத்தில். 1997 ஜனவரியில் நகமுராவின் பள்ளி இறுதி வரை போய், ஃபுனபாஷி நகராட்சிப் பள்ளியிடம் 2-1 என்று தோற்றது. அதற்குள் ஆள் வளர்ந்துவிட்டார். நிராகரித்த அதே மாரினோஸ் அந்த ஆண்டே கூப்பிட்டுத் தொழில்முறை ஒப்பந்தம் கொடுத்தது. பள்ளி நாட்களில் அவர் தொடங்கிய இன்னொரு பழக்கம், கால்பந்துக்கென்று ஒரு நோட்டு. இலக்குகள், ஆட்டத்தில் தான் செய்த தவறு, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று கையால் எழுதி வைப்பது. தொழில்முறைக்கு வந்த பிறகும் விடவில்லை. காலால் முந்த முடியாதவன் தலையால் முந்திக்கொள்கிறான், வேறென்ன?

2000-ல், 22 வயதில், ஜே லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அதே ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆடினார், லெபனானில் ஜப்பான் ஆசியக் கோப்பையை வென்றபோதும் அணியில் இருந்தார். ஆனால் தேசிய அணியில் அவரை நிறுத்திய இடத்தைக் கவனிக்க வேண்டும். பயிற்சியாளர் பிரான்ஸைச் சேர்ந்த பிலிப் த்ரூசியே. பின்வரிசையில் மூன்று பேரை ஒரே கோட்டில் நிறுத்தி, மற்றவர்களை ஓயாமல் ஓட வைக்கும் முறை அவருடையது. நகமுராவுக்குக் கொடுத்தது இடது ஓரம். அந்த இடத்தில் நிற்பவர் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சமையலில் கைதேர்ந்தவரைப் பந்தி பரிமாற நிறுத்தியது மாதிரி.

2002 உலகக் கோப்பை ஜப்பான் மண்ணிலேயே நடந்தது, தென்கொரியாவோடு சேர்ந்து நடத்தினார்கள். மே மாதம் 23 பேர் பட்டியல் வந்தது. நகமுரா இல்லை. மூத்தவர்களான மசாஷி நகயாமா, யுதகா அகிதா இருவரும் இருந்தார்கள். ஜப்பானில் இன்றைக்கும் கால்பந்து பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலைப் பேசாமல் விட மாட்டார்கள். ஜப்பான் முதன்முறையாகக் குரூப்பைத் தாண்டியது, பிறகு மியாகியில் கொட்டும் மழையில் துருக்கியிடம் 1-0 என்று தோற்று வெளியேறியது. கோல் போடத் தெரியாமல் தவித்த அந்த ஆட்டத்தில் ஓர் இடது கால் இருந்திருந்தால் என்று நினைக்காத ரசிகர் கிடையாது. ஆனாலும் த்ரூசியே செய்தது பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். தன் முறைக்கு ஆள் தேடினார், அந்த முறைக்குள் நகமுரா பொருந்தவில்லை. முறையை மாற்றிக்கொள்ள அவர் தயாராக இல்லை, அதுதான் நடந்தது.

உலகக் கோப்பை முடிந்ததும் நகமுரா இத்தாலிக்குப் போனார். பெரிய கிளப் இல்லை, தெற்குக் கோடியில் சிசிலித் தீவைப் பார்த்து நிற்கும் ரெஜ்ஜோ கலாப்ரியா ஊரின் ரெஜ்ஜினா. ஆண்டுதோறும் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடாமல் இருப்பதே அதற்குச் சாதனை. முதல் சீசனில் 10-ஆம் எண் சட்டையோடு 7 கோல். அந்த ஆண்டு ரெஜ்ஜினா அட்டலான்டாவோடு பிளே-ஆஃப் ஆடித்தான் தலை தப்பியது. மூன்று சீசன் இருந்தார். தோற்றுவிடாமல் இருக்க ஆடும் அணியில் பந்து காலுக்கு வருவதே குறைவு, வந்தாலும் கூடவே ஒரு தடுப்பாட்டக்காரர் முதுகில் ஏறிக்கொண்டு வருவார். அங்கே அவர் ஜொலித்தார் என்று சொல்ல முடியாது, பிழைத்தார். ஆனால் நெருக்கடியில் பந்தைக் காப்பாற்றுவது எப்படி என்று அங்கேதான் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இதற்கு நடுவில் 2004 ஆசியக் கோப்பை. சீனாவில் நடந்தது, ஆட்டத்துக்கு ஆட்டம் அரங்கம் ஜப்பானுக்கு எதிராகக் கூச்சல் போட்டது. சோங்கிங்கில் ஜோர்டானோடு கால் இறுதி. கூடுதல் நேரம் முடிந்தும் 1-1, பெனால்டிக்குப் போனது. முதல் உதை நகமுராவுடையது. ஓடி வந்து வலது காலை ஊன்றினார், தரை வழுக்கியது, பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. ஜப்பானின் அடுத்த உதை சாண்டோஸ் அலெக்ஸ். அவருக்கும் அதேதான்: கால் வழுக்கல், பந்து வானத்தில். இருவருமே இடது காலால் அடிப்பவர்கள் என்பதைக் கவனியுங்கள். இருவரும் வலது காலை ஊன்றியது ஏறக்குறைய ஒரே இடத்தில், அங்கே புல் பெயர்ந்து கிடந்தது. கேப்டன் சுனேயாசு மியாமோட்டோ நடுவரிடம் போய், இந்தப் பக்கம் நிற்கவே முடியவில்லை, மறுபக்கக் கோலுக்கு மாற்றுங்கள் என்று ஆங்கிலத்தில் வாதாடினார். நடுவரும் ஒப்புக்கொண்டார்! பெனால்டிக்கு நடுவில் கோலை மாற்றியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு கோல்கீப்பர் கவாகுச்சி தடுத்த தடுப்பில் ஜப்பான் 4-3 என்று தப்பியது. பஹ்ரைனையும் பெய்ஜிங்கில் சீனாவையும் வென்று கோப்பை. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் யார் தெரியுமா? முதல் பெனால்டியை வானத்துக்கு அனுப்பிய நகமுராதான்.

2005 ஜூலையில் செல்டிக். பயிற்சியாளர் கார்டன் ஸ்ட்ராக்கன் அப்போதுதான் பொறுப்புக்கு வந்திருந்தார். அவருடைய முதல் ஆட்டமே ஸ்லோவாக்கியாவின் ஆர்ட்மீடியாவிடம் 5-0 தோல்வி, ஊரே திட்டிக்கொண்டிருந்த நேரம். அந்தச் சூட்டில் வந்து இறங்கினார் நகமுரா. ஸ்காட்லாந்து என்றால் உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம், சேறு, குளிர்க் காற்று. இத்தாலியிலேயே திணறியவர் இங்கே எப்படி என்று பலரும் சந்தேகப்பட்டார்கள்.

ஸ்ட்ராக்கன் செய்தது எளிமையான காரியம். இடது காலால் ஆடும் நகமுராவை வலது ஓரத்தில் நிறுத்தினார். ஓரத்தில் ஓடிப் போய் பந்தை உள்ளே தூக்கிப் போடச் சொல்லவில்லை. பந்தை வாங்கி உள்பக்கம் திரும்பினால் போதும், முழு மைதானமும் இடது காலுக்கு முன்னால் விரிந்துவிடும். த்ரூசியே இடது ஓரத்தில் ஓட விட்டவரை இவர் வலது ஓரத்தில் நிற்க விட்டார், வித்தியாசம் அவ்வளவுதான். மற்றவர்கள் ஓடினார்கள், இவர் போட்டுக் கொடுத்தார். எண் 25. கூப்பிடும் பெயர் 'நகா'.

தொடர்ந்து மூன்று லீக் பட்டம்: 2005-06, 2006-07, 2007-08. இரண்டாவது சீசன்தான் உச்சம். யுனைடெட்டுக்கு எதிரான இரண்டு கோல்கள் அதில்தான். டன்டீ யுனைடெட்டுக்கு எதிராக ஹாட்ரிக். 2007 ஏப்ரலில் கில்மார்னாக் மைதானத்தில் 1-1 என்று ஆட்டம் முடியப்போகும் வேளையில் இன்னொரு ஃப்ரீ கிக், அந்த ஒரே அடியில் பட்டம் உறுதி. சக ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் விருது, பத்திரிகையாளர்கள் தரும் விருது, இரண்டுமே அந்த ஆண்டு அவருக்கு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது சக ஆட்டக்காரர்களின் ஓட்டு. வாரா வாரம் எதிரில் நின்று மோதுகிறவர்கள் வெறும் ஃப்ரீ கிக்குக்காக ஒருவருக்கு ஓட்டுப் போட மாட்டார்கள்.

ஃப்ரீ கிக் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2008 ஏப்ரல் 16, பரம எதிரி ரேஞ்சர்ஸோடு ஆட்டம். பட்டம் கையை விட்டுப் போகும் நிலை. நகமுரா வெகு தூரத்திலிருந்து அடித்த பந்து காற்றில் ஒருபக்கம் போவது போல் போய் மறுபக்கம் திரும்பி உள்ளே விழுந்தது. ரேஞ்சர்ஸ் சமன் செய்தது, பிறகு கடைசி நிமிடங்களில் செல்டிக்கின் வெனகூர் ஆஃப் ஹெஸ்ஸலிங்க் தலையால் தட்டி 2-1. அங்கிருந்து பிடித்து வந்துதான் கடைசி நாளில் பட்டத்தை வென்றார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2006 உலகக் கோப்பையில் 10-ஆம் எண் அவருடையதுதான். கைசர்ஸ்லாவுட்டர்ன் நகரில் ஆஸ்திரேலியாவோடு முதல் ஆட்டம். 26-வது நிமிடத்தில் வலப்பக்கமிருந்து உள்ளே தூக்கிப் போட்ட பந்து, கோல்கீப்பர் ஷ்வார்ட்சர் நெரிசலில் சிக்கிக்கொள்ள, யார் மேலும் படாமல் அப்படியே கோலுக்குள் போனது. 84-வது நிமிடம் வரை 1-0. அப்புறம் எட்டு நிமிடத்துக்குள் மூன்று கோல் வாங்கி 3-1 தோல்வி. வெயிலில் ஜப்பான் வாடிப்போயிருந்தது, எதிரணி புது ஆட்களை இறக்கி உயரமான பந்துகளைப் போட்டுக்கொண்டே இருந்தது. குரோவேஷியாவோடு 0-0, பிரேசிலிடம் 4-1, மூட்டையைக் கட்டினார்கள். பிரேசிலிடம் தோற்ற அன்று மைதானத்திலேயே மல்லாந்து படுத்துக் கிடந்த ஹிதெதோஷி நகதா, 29 வயதில் ஓய்வை அறிவித்துவிட்டார். நகதாவையும் நகமுராவையும் பலர் குழப்பிக்கொள்வதால் சொல்கிறேன்: நகதா வலுவால் ஆடியவர், மோதித் தள்ளிவிட்டு முன்னேறுவார். 29-லேயே போதும் என்று எழுந்து போனார். இவர் 44 வயது வரை ஆடிக்கொண்டிருந்தார்.

2010 தான் கொடுமை. தேர்வுச் சுற்று முழுக்க அணியின் மையம் நகமுராதான். 2009 செப்டம்பரில் நெதர்லாந்தோடு ஒரு நட்பு ஆட்டம், 3-0 என்று ஜப்பான் தோற்றது. அதில் ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தபோது கெய்சுகே ஹோண்டா பந்தின் பக்கத்தில் வந்து, நான் அடிக்கிறேன் என்று நின்றார். அவரும் இடது காலால் அடிப்பவர், எட்டு வயது இளையவர். நகமுரா விடவில்லை. ஜப்பானில் மூத்தவரிடம் இப்படி முகத்துக்கு நேரே கேட்பது வழக்கமில்லை, அதனால் அது பெரிய பேச்சானது. இதில் ஒரு வேடிக்கை, ஹோண்டாவும் 15 வயதில் காம்பா ஒசாகாவின் இளைஞர் அணிக்கு எடுக்கப்படாமல் பள்ளிக் கால்பந்து வழியாக ஏறி வந்தவர்தான்.

2009 கோடையில் செல்டிக்கை விட்டு ஸ்பெயினில் எஸ்பான்யோலுக்குப் போயிருந்தார் நகமுரா. அங்கே பயிற்சியாளர் மவுரீசியோ பொச்செட்டினோ. பந்தை இழந்த மறுநொடியே எல்லாரும் பாய்ந்து பிடிக்க வேண்டும் என்பவர். 31 வயது நகமுராவுக்கு அது எப்படி ஒத்துவரும்? லீகில் ஒரு கோல் கூட இல்லை, பாதி நாள் பெஞ்சில். உலகக் கோப்பைக்கு முன் ஆட வாய்ப்பு வேண்டும் என்று 2010 தொடக்கத்திலேயே யோகொஹாமா திரும்பிவிட்டார்.

உலகக் கோப்பைக்குச் சில வாரங்கள் முன்னால் ஜப்பான் சொந்த மண்ணிலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. பயிற்சியாளர் தாகேஷி ஒகாதா அத்தனை நாள் கட்டியதை ஒரே அடியில் கலைத்தார். தடுப்பாட்டத்தை இறுக்கினார், ஹோண்டாவை முன்னால் ஒற்றை ஆளாக நிறுத்தினார், நகமுராவைத் தொடக்க வரிசையிலிருந்து நீக்கிவிட்டார். கணுக்கால் தொல்லையும் சேர்ந்துகொண்டது. கேமரூனை 1-0 என்று வென்றார்கள், கோல் ஹோண்டாவுடையது. நெதர்லாந்தோடு நகமுரா இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். அந்த உலகக் கோப்பையில் அவர் ஆடியது அந்தக் கொஞ்ச நேரம்தான். அடுத்தது டென்மார்க். ஜப்பான் 3-1 என்று வென்ற அந்த ஆட்டத்தில் முதல் இரண்டு கோலும் நேரடி ஃப்ரீ கிக். ஒன்று ஹோண்டா, இன்னொன்று யாசுஹிதோ எந்தோ. ஜப்பானின் உலகக் கோப்பை வரலாற்றிலேயே ஃப்ரீ கிக்குக்குப் பேர்போன இரவு அது. நாட்டின் தலைசிறந்த ஃப்ரீ கிக் ஆட்டக்காரர் 10-ஆம் எண் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போட்டி முடிந்ததும் தேசிய அணியிலிருந்து விலகினார். 98 ஆட்டம், 24 கோல்.

ஒகாதாவின் முடிவு சரி. மனசு ஒப்பவில்லை என்றாலும் சரிதான், ஜப்பான் கடைசி 16-க்குப் போனது.

பலரும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சீசன் இதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் வருகிறது. 2013-ல் மாரினோஸ் அணியைப் பாருங்கள்: கேப்டன் நகமுராவுக்கு 35. நடுத் தடுப்பில் யூஜி நகஸாவா, அவருக்கும் 35. முன்னால் மார்கினோஸ், 37. இடது ஓரத்தில் துத்ரா, 40. இந்தக் கிழட்டுப் பட்டாளம் லீகில் முதலிடத்தில் இருந்தது! ஓட்டத்தை நம்பாத ஓர் அணி நகமுராவுக்கு அமைந்துவிட்டது, அவரை விட வேகம் கம்மியானவர்களும் கூடவே இருந்தார்கள். பந்தை வைத்துக்கொள்வது, எதிராளியை ஓட விடுவது, ஃப்ரீ கிக் கிடைத்தால் நகமுரா. அந்த ஆண்டு 10 கோல் போட்டார்.

இரண்டு ஆட்டம் மிச்சம், ஒன்றை வென்றால் பட்டம். நவம்பர் 30, நிஸான் மைதானத்தில் 62,632 பேர் பட்டம் பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். நீகாடாவிடம் 2-0 தோல்வி. டிசம்பர் 7, கவாசாகியின் தொதொரோகி மைதானம், இன்னொரு வாய்ப்பு. 1-0 தோல்வி. அதே நேரம் ஹிரோஷிமா தன் ஆட்டத்தை வென்று ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. விசில் ஊதியதும் நகமுரா புல்லில் மடிந்து உட்கார்ந்து அழுதார். ஐரோப்பாவில் அத்தனை கோப்பை தூக்கியவர், 35 வயதில், நாலு சுவருக்குள் அழுவது போல அழுதார்.

ஏன் அப்படி அழுதார் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாரினோஸ் 1995-ல் லீக் பட்டம் வென்றது, அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன். 2003, 2004-ல் வென்றது, அவர் இத்தாலியில். பிறகு 2019-ல் வென்றது, அதற்கு முன்பே வேறு கிளப்புக்குப் போய்விட்டார். சொந்த ஊர் அணியோடு லீக் பட்டம் மட்டும் அவருக்கு வாய்க்கவே இல்லை. 2013-இன் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவருக்கே கொடுத்தார்கள். அந்த விருதை இரண்டு முறை வாங்கியவர் அவர் ஒருவர்தான், 13 ஆண்டு இடைவெளியில். இரண்டு முறையும் பட்டம் வேறு அணிக்கு. ஆறுதலாக, 2014 ஜனவரி 1 அன்று பழைய தேசிய மைதானத்தில் அதே ஹிரோஷிமாவை 2-0 என்று வென்று, லீக்கிலிருந்து தனியாக நடக்கும் நாக்-அவுட் போட்டியான எம்பரர் கோப்பை கிடைத்தது. பள்ளி நாளில் இறுதியாட்டம் தோற்ற அதே மைதானம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017-ல் ஜூபிலோ இவாடா. 2019-ல் யோகொஹாமா எஃப்சி. இந்த இரண்டாவதில் ஒரு சுவாரசியம் உண்டு. 1999-ல் மாரினோஸ் கிளப்போடு அதே ஊரின் ஃப்ளூகெல்ஸ் கிளப்பை இணைத்துவிட்டார்கள். மாரினோஸ் பெயருக்கு முன்னால் நிற்கும் 'எஃப்' ஃப்ளூகெல்ஸின் மிச்சம். இணைப்பை ஏற்காத ஃப்ளூகெல்ஸ் ரசிகர்கள் தாங்களாகவே தொடங்கியதுதான் யோகொஹாமா எஃப்சி. இணைப்பு நடந்தபோது மாரினோஸில் ஆடிக்கொண்டிருந்தவர், கடைசிக் காலத்தை அந்த ரசிகர்களின் கிளப்பில் கழித்தார். 2020 செப்டம்பரில் கவாசாகியோடு ஓர் ஆட்டம். தொடக்க வரிசையில் 53 வயது கஸுயோஷி மியூரா, 42 வயது நகமுரா, 39 வயது தைசுகே மத்சுயி. அதே தொதொரோகி மைதானம். 3-2 தோல்விதான், ஆனால் அந்த வரிசையைப் பார்க்கவே ஒரு கூட்டம் டிவி முன்னால் உட்கார்ந்தது.

கடைசி ஆட்டம் 2022 அக்டோபர் 23, வெளியூரில், குமாமோட்டோவில். யோகொஹாமா எஃப்சி 4-3 என்று வென்றது. அந்த சீசனில் கிளப் மறுபடி ஜே1-க்கு ஏறியது, அடுத்த ஆண்டு அங்கேயே பயிற்சியாளர் குழுவில் சேர்ந்துகொண்டார்.

இதையெல்லாம் படித்த பிறகும் ஃப்ரீ கிக் தொகுப்புகளையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முழு ஆட்டமாக ஒன்றைப் பாருங்கள். 2005 ஜூன் 22, கோல்ன் நகரில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை, ஜப்பான்–பிரேசில், 2-2. ரொனால்டினோ, காகா, அட்ரியானோ எல்லாரும் எதிரே ஆடிய ஆட்டம். 27-வது நிமிடத்தில் தூரத்திலிருந்து நகமுரா அடிக்கும் கோல் அதில் உண்டு. ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டாம். முதல் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு, ஜப்பானின் 10-ஆம் எண் எத்தனை முறை தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார் என்று மட்டும் எண்ணிக்கொண்டே வாருங்கள்.